கடனும் கணக்கேடும்

(அறந்தாங்கியில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் நளவெண்பாவும் கற்பித்து நாள் கழிக்கும் யான், கடன் கணக்கைப் பற்றிப் பேச எழுந்து நிற்றல் உங்களுட் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். நம் சங்கக் காரியதரிசி அவர்கள் ஆவுடையார்கோயிற் சிற்பங்களைப் பற்றியே பேசுமாறு முதலில் என்னைப் பணித்தார்கள். அதனை வேறொரு திங்களுக்கு ஒத்திவைக்க வேண்டி, இப்பொருளை யானே கேட்டுப் பெற்றேன். அதற்குக் காரணமாய் நிகழ்ந்தது ஒரு சிறு பேச்சு.

சென்ற திங்கள் ஒருநாள் மாலை, பள்ளி விட்டு வரும் வழியில், பேருந்து நிலையத்தின் அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றேன். நம்மவர் இருவர் பேசிக்கொண்டிருந்தனர். மூத்தவர் தென்னந்தோப்பு உடையவர். இளையவர் சிறு கடை வைத்திருப்பவர்.

"அண்ணே, கஜாப் புயல் அடித்து ஏழு வருஷம் முடிந்துவிட்டது. அந்தக் கடன் இனிமேல் தானாய் அழிந்துபோகும். இப்போது போய்ப் பணத்தைக் கட்டாதீர்கள்" என்றார் இளையவர்.

"யாரப்பா சொன்னது?"

"எல்லாரும் சொல்கிறார்கள். செல்லிலே கூட வந்தது."

மூத்தவர் ஒன்றும் மறுமொழி கூறாமல் எழுந்து போயினார். மறுநாட் காலையில் அவர் பாங்கிற்குச் சென்று நிலுவையைக் கட்டுவதாக இருந்தார் என்பதையும், அப்பேச்சைக் கேட்டபின் சென்றிலர் என்பதையும் பின்னர் அறிந்தேன்.

"எல்லாரும் சொல்கிறார்கள்" என்பது எத்துணை ஆற்றலுடைய சொல் என்பதற்கு என் துறையிலிருந்தே ஒரு சான்று கூறுவேன். கடன் கொண்டவன் நெஞ்சத்தின் கலக்கத்தை இலங்கை வேந்தன் கலக்கத்தோடு ஒப்பிடும் அடி ஒன்று உளது. கடன் என்ற பேச்சு எழுந்த மேடைதோறும், கம்பர் பாடினார் என்று அதனை எடுத்து முழக்காத பேச்சாளர் அரியர். கம்பராமாயணத்தை முதல் முதல் இறுதிகாறும் புரட்டிப் பாருங்கள். அவ்வடி அதனுள் இல்லை. நூலைத் திறந்து பாராமலே நம் நாட்டார் அதனைக் கம்பர் வாக்கென ஏற்றுக்கொண்டனர். அதனால் விளைந்த கேடு பெரிதன்று. ஆனால் ஏழாண்டில் கடன் அழியும் என்னும் சொல்லையும் அவ்வாறே நூலைத் திறவாமல் ஏற்றுக்கொண்டால், கேடு நம் பிள்ளைகளின் தலையில் வந்து விழும். ஆகவே இன்று நூலைத் திறந்து பார்ப்போம்.

முன்னோர் காலத்து நடையை முதலில் நினைவூட்டுகின்றேன். கடன் கொடுத்தவர் பத்திரமோ புரோநோட்டோ எழுதி வாங்கிக்கொள்வர். பணம் வரும்போதெல்லாம் அதன் பின்புறத்தில் வரவு வைப்பர். முதலும் வட்டியும் தீர்ந்த நாளில், நாலு பேர் முன்னிலையில் அத்தாளைக் கிழித்துக் கொடுப்பர். என் பாட்டனார் கிழித்த பத்திரத்தின் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் இடுவித்த கதையை என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அடுப்பில் எரிந்ததோடு கடனும் போயிற்று, கடன்பட்ட செய்தியும் போயிற்று. ஊரார் நினைவில் சில காலம் நிற்கலாம், அதுவும் தேய்ந்துவிடும்.

அந்நாளில் சட்டமே கடனைத் துடைத்ததும் உண்டு. 1938-ஆம் ஆண்டில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் பட்ட கடனில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை நிலுவையாய் நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்த உழவனுக்கு முதலும் தீர்ந்தது. அறந்தாங்கி அந்நாளில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல் அமைந்த பின்னரே நாம் இப்பக்கம் வந்தோம். ஆதலால் அச்சட்டம் நம் ஊர்க்கு உரியதாயிற்று. மேற்கே சமஸ்தானத்து எல்லைக்குள் இருந்த உறவினர்க்கு வேறு அரசு, வேறு சட்டம். இதனை ஏன் கூறுகின்றேனெனின், கடன் அழிவது உண்டு, ஆயின் அழிப்பது தேதியிட்ட சட்டமே என்பதை நீங்கள் உளங்கொள்ளுதற்கே.

இனி, நம்மவர் நன்கறிந்த வேறொரு கணக்கு மூன்றாண்டுக் கணக்கு. புரோநோட்டு எழுதி மூன்றாண்டு கடந்தால் செல்லாது என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அங்ஙனம் கூறுவது மெய்யே. மூன்றாண்டு முடியுமுன் கடனாளி எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலும், சிறுதொகை கட்டி அதற்குக் கையெழுத்திட்டாலும், அந்நாள் தொட்டு மீண்டும் மூன்றாண்டு ஓடத் தொடங்கும். மேல்வரவு வைத்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இதன்பொருட்டே வந்தது. ஆயினும் ஒரு நுட்பத்தை மறந்துவிடுகின்றோம். காலம் கடந்தால் வழக்குத் தொடுக்கும் உரிமைதான் போகின்றது; கடன் போகவில்லை. காலங்கடந்த கடனையும் தருவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், அவ்வாக்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். இறவாத கடனாகையால்தான் அதற்கு மீண்டும் உயிர் வருகின்றது.

இம்மூன்றாண்டு வழக்கத்தில் ஊறிய நமக்கு, ஏழாண்டு என்ற சொல் காதில் விழுந்தவுடன் "அதுவும் இதுபோன்றதே, காலம் நீண்டது, அவ்வளவே" என்று தோன்றிவிடுகின்றது. அங்கேதான் பிழை நேர்கின்றது.

நம் ஊரில் எல்லாரும் சிபில் என்று சொல்லும் ஏடு யாது? கடன் வாங்கினோர் நடையைத் தொகுத்து வைக்க இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. அதனைப்போல் இன்று நான்கு கம்பெனிகள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்பன. முதலில் வந்ததன் பெயரே எல்லாவற்றிற்கும் ஆகிவிட்டது. இலக்கணத்தார் இதனை ஆகுபெயரில் அடக்கினும் அடக்கலாம். இவற்றை ஆள்வது 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடன் தகவல் கம்பெனிகள் சட்டம். மேற்பார்வை ரிசர்வ் பாங்கினுடையது. பாங்குகளும், கூட்டுறவு பாங்குகளும், தவணைக்குப் பொருள் கொடுக்கும் நிதிக் கம்பெனிகளும், மகளிர் குழுக்களுக்குச் சிறுகடன் தருவோரும் தத்தம் கடனாளிகளின் நடையை இவற்றிற்கு அனுப்புதல் வேண்டும். மாதமொருமுறை என்றிருந்தது, 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளைக்கொருமுறையேனும் என்றாயிற்று.

அவ்வறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் ஓர் இடம் உண்டு. தவணை நாள் கடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது மாதந்தோறும் எண்ணாற் குறிக்கப்படும். சிபில் அறிக்கையில் முப்பத்தாறு மாதம் வரையிலான நடை இவ்வாறு கட்டங்கட்டமாகத் தெரியும். தொண்ணூறு நாள் கடந்தும் தவணை வாராதாயின் பாங்கு அக்கடனை வாராக்கடன் வகையிற் சேர்க்கும். பயிர்க்கடனுக்கு மட்டும் நாளால் அன்றிப் பயிர்ப் பருவத்தால் கணக்கு. இவற்றையெல்லாம் கூட்டி 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் இடுவர். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் இட்டே கை சலித்த எனக்கு, என் மதிப்பெண்ணைப் பிறர் இட்டுக் காட்டிய நாளில் உண்டான உணர்ச்சியைப் பின்னர்ச் சொல்வேன்.

ஏழாண்டுக்கு வருகின்றேன். மேற்கூறிய சட்டத்தின் வழி 2006-இல் வகுத்த முறைகளில் ஏழாண்டு என்ற சொல் உண்டு. இல்லையென்று யான் கூறவில்லை. அது அமைந்திருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள். கடன் தகவலை அக்கம்பெனிகள் குறைந்தது ஏழாண்டு வைத்திருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். குறைந்தது என்னும் அடையை விட்டுவிட்டு ஏழாண்டு என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகின்றனர். என் மாணாக்கன் ஒருவன் செய்யுளில் இவ்வாறு அடையை விட்டுப் பொருள் சொன்னால் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பேன். இப்போது அத்தண்டனை கூடாதென்பதால் பத்து முறை எழுதச் சொல்வேன். ஏழாண்டுக்குள் அழித்துவிடாதே என்று ஏட்டை வைத்திருப்பவர்க்கு இட்ட கட்டளையை, ஏழாண்டில் அழிந்துவிடும் என்று கடனாளிக்குக் கொடுத்த வரமாகத் திரித்துக்கொண்டோம்.

இன்னொன்று. தீராத கடனின் செய்தி ஒருநாள் எழுதி மூடப்படுவதன்று. கணக்குத் திறந்து கிடக்கும் வரை, கடன் கொடுத்தவர் அதன் நிலையை மீண்டும் மீண்டும் அறிவித்துக்கொண்டே இருத்தல் கூடும். அவ்வாறு அறிவிக்கப்படும்போதெல்லாம் அச்செய்தி புதியதே. 2019-இல் தவறிய கடன் சென்ற பதினைந்து நாளிலும் தவறியதாகவே அறிவிக்கப்பட்டிருப்பின், அதற்கு ஏழாண்டை எந்நாளிலிருந்து எண்ணுவீர்கள்?

இத்திரிபு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருவாறு ஆராய்ந்தேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். தவறிய கடனைப் பற்றிய செய்தியைப் பொதுவாக ஏழாண்டுக்குமேல் அறிக்கையிற் காட்டலாகாது என்பது அவர்கள் விதி. கடன் தீர்க்க இயலாமல் நொடித்துப்போனதாக நீதிமன்றத்திற் பதிந்துகொண்டவர்க்குப் பத்தாண்டு. இங்கிலாந்தில் ஆறாண்டு. அங்கெல்லாம் அது மேல்வரம்பு, நமக்கோ கீழ்வரம்பு. கைப்பேசியிற் பேசிப் படம் விடும் இளைஞர் பலர் அமெரிக்கச் செய்தியைத் தமிழில் ஓதிவிடுகின்றனர். அறந்தாங்கியிலிருக்கும் நாம் அதனை நம்பித் தேநீர்க் கடையில் உபதேசம் செய்கின்றோம். நம் நாட்டிலும் அத்தகைய மேல்வரம்பு வேண்டும் என்று யான் கருதுகின்றேன். புயலில் தோப்பிழந்தவனுக்கும் வேண்டுமென்றே ஏமாற்றியவனுக்கும் ஒரே நீளமான தண்டனை முறையாகாது. ஆனால் வேண்டும் என்பது வேறு, இருக்கின்றது என்பது வேறு.

தமிழாசிரியன் என்னும் முறையில் மற்றொரு சொல்லையும் ஈண்டு எடுத்துக்கொள்ளுதல் கடமை. அது தள்ளுபடி என்பது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட உழவர்கள் பயன் பெறுவர் என்றது. இங்கே தள்ளுபடி என்றால், உழவன் கொடுக்க வேண்டுவதில்லை, அவன் பொருட்டு அரசு பொறுப்பேற்கும் என்று பொருள். இனி, பாங்குகள் ஆண்டுதோறும் வாராக்கடனைத் தம் கணக்கிலிருந்து நீக்கி எழுதுவதுண்டு. அதனையும் நம் செய்தித்தாள்கள் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. இவ்விரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. இரண்டாவதில் பாங்கு தன் ஐந்தொகையைச் சீர்செய்துகொள்கின்றது. கடனாளியின்மேல் தனக்குள்ள உரிமையில் ஒரு காசும் விடவில்லை. வசூலும் தொடரும், வழக்கும் தொடரும். அதுமட்டுமா? அவருடைய சிபில் ஏட்டில் அக்கணக்கிற்கு நேரே நீக்கி எழுதப்பட்டது என்ற குறிப்பும் விழும். குறிப்புகளுள் மிகக் கொடியது அது. நம்மவர் ஒருவர், பாங்குக் கடிதத்தில் அச்சொல்லைக் கண்டு, கடன் தள்ளுபடியாயிற்றென்று மகிழ்ந்து, கோயிலிற் பொங்கலிட்டார். ஒரே சொல்லால் இரு பொருளை வழங்கும் பத்திரிகாசிரியர்களே அப்பொங்கலுக்கு விடை சொல்லுதல் வேண்டும். ஒன்றைத் தள்ளுபடி என்றும், மற்றொன்றைக் கணக்கு நீக்கம் என்றும் எழுதினால் என்ன குறைந்துபோகும்?

இனி என் சொந்தக் கதைக்கு வருகின்றேன். அவையில் சொல்லத் தயங்கியதுண்டு. என் மனைவியே, "சொல்லுங்கள், நாலு பேர் தப்பித்துக்கொள்வார்கள்" என்றாள்.

என் மைத்துனர் கீரமங்கலம் பக்கத்தில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். 2017-இல் ஒரு பாங்கிலே மூன்று இலட்ச ரூபாய் கடன் வாங்கினார். யான் ஜாமீன் கையெழுத்திட்டேன். "அத்தான், பெயருக்குத்தான் ஒரு கையெழுத்து" என்றார். பெயருக்குத்தான் என்பது எவ்வளவு பொருத்தமான சொல் என்று பின்னர் உணர்ந்தேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜாப் புயல் வீசியது. அன்று காலையில் நீங்கள் கண்டதையே யானும் கண்டேன். முப்பது, நாற்பதாண்டு நின்ற தென்னைகள் அறுத்துப் போட்ட கதிர்போற் கிடந்தன. தென்னை போனபின் மண்டி ஏது? 2019 ஜனவரியோடு தவணை நின்றது. 2021-இல் பாங்கார் ஒரு கூட்டம் கூட்டிப் பேசினர். நிலுவை 2,10,000 ரூபாய். 1,20,000 கட்டினால் போதும், முடித்துக்கொள்வோம் என்றனர். மைத்துனர் நகையை விற்றுக் கட்டினார். ஒரு கடிதம் கொடுத்தனர். முடிந்தது என்று நாங்கள் அனைவரும் நிம்மதியாக உறங்கினோம்.

2024-இல் என் மகளுக்குப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. வேறொரு பாங்கில் கல்விக் கடன் கேட்டோம். பெற்றோரும் கடனாளியாகச் சேர்ந்து கையெழுத்திட வேண்டுமென்றனர். மேனேஜர் இளைஞர், என்னிடம் படித்தவர் அல்லர், ஆயினும் ஐயா என்றே அழைத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்த் திரையை என் பக்கமாகத் திருப்பினார். இருபது ஆண்டுக்கு மேலாகச் சம்பளத்திற்குள் வாழ்ந்து, ஒரு தவணையும் தவறாத என் பெயரின்கீழ், ஜாமீன்தாரர் என்ற வரியில், முழுதும் செலுத்தாமல் பேசித் தீர்த்துக்கொண்ட கணக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று நின்றது. அதன் கீழே தவறிய மாதங்களின் எண்கள். மகள் அருகில் அமர்ந்திருந்தாள். என் மதிப்பெண்ணை யான் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள்.

அன்று யான் கற்றது இது. பாங்குக் கணக்கில் தீர்ந்தது என்பதற்கு இரு வகையுண்டு. முழுதும் செலுத்தி மூடிய கணக்கு ஒன்று. குறைத்துப் பேசித் தீர்த்த கணக்கு மற்றொன்று. இரண்டாவதில் பாங்கு விட்டுக்கொடுத்த தொகை உளதென்பது ஏட்டைப் பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். அவ்வாறு சலுகை பெற்ற கடனாளிக்கு அதே பாங்கு, வேளாண்மை அல்லாத கடன்களில், குறைந்தது பன்னிரண்டு மாதம் புதுக்கடன் தரலாகாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் பாங்கு விதித்தது. பிற பாங்குகள் தம் விருப்பம்போல் நோக்கும். குறைத்துத் தீர்ப்பது பாவமென்று யான் கூறவில்லை. வேறு வழியற்றவர்க்கு அது கைகொடுக்கும். ஆனால் கையெழுத்திடுமுன், இதனால் ஏட்டில் எச்சொல் விழும் என்று கேட்டறிந்து இடுக.

முதற் கட்டணத்துக்கு என் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மைத்துனரும் யானும் ஆளுக்குப் பாதியாக, விட்டுக்கொடுத்த 90,000 ரூபாயையும் 2024 ஜூனில் பழைய பாங்கிற் சென்று கட்டினோம். அங்கிருந்தவர்க்கே வியப்பு, தீர்ந்த கணக்கிற்கு ஏன் கட்டுகின்றீர்கள் என்றனர். நிலுவையில்லை என்ற சான்று பெற்றோம். இரண்டு மாதம் கழித்து ஏட்டைப் பார்த்தால் பழைய சொல்லே நின்றது. எழுத்தில் முறையிட்டோம், மூன்று வாரத்தில் கணக்கு மூடப்பட்டது என்று மாறிற்று. தவறிய மாதங்களின் எண்கள் மாறவில்லை. அவை மெய்யாகையால் மாறவும் மாட்டா. கடன் மகளுக்கு இரண்டாம் ஆண்டிற் கிடைத்தது. சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

முறையிடும் உரிமையைச் சற்று விரித்துரைப்பேன். இதனை நம்மவர் அறியார். உங்கள் அறிக்கையில் தவறு இருந்தால், கடன் கொடுத்தவரிடமோ அக்கம்பெனியிடமோ முறையிடலாம். முறையிட்ட நாள் தொட்டு முப்பது நாளுக்குள் தீர்க்காவிடில், அதற்குமேல் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் உங்களுக்கு ஈடு தருதல் வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2023 அக்டோபரில் கட்டளையிட்டது. அது 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அப்போதும் தீராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளர்க்கு எழுதலாம், கட்டணமில்லை, 2022 செப்டம்பர் முதல் இக்கம்பெனிகளும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டுள்ளன. அறிக்கையைப் பார்ப்பதற்கும் பணம் வேண்டுவதில்லை. நான்கு கம்பெனிகளும் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி முதல் இருந்து வருகின்றது. இத்தனை ஆண்டாக என் பெயரில் என்ன எழுதியுள்ளது என்று ஒருமுறையும் பாராதிருந்தவன் யான். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தி, பெற்றோர் பார்த்துக் கையெழுத்திடாவிடில் கடிந்துகொள்ளும் அதே ஆசிரியன்தான்.

தவறான செய்தியைத்தான் நீக்க முடியும். மெய்யான செய்தியைப் பணம் வாங்கிக்கொண்டு நீக்கித் தருவோம் என்று விளம்பரம் செய்வோர் இப்போது பலர். அவர்களிடம் கொடுக்கும் பணத்தை நிலுவையிற் கட்டுங்கள். அவர்களுக்கு ஏட்டின்மேல் ஒரு கையும் இல்லை. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் புதுக்கடன் ஒன்று உங்கள் பெயரில் முளைத்தால் யாரை நோவது?

இளைஞர்காள், உங்களுக்குத் தனியே ஒரு செய்தி. பாரத ஸ்டேட் பாங்கு 2020-இல் அதிகாரிப் பணிக்கு விளம்பரம் செய்தது. தேர்வில் வென்ற ஒருவர்க்கு 2021-இல் நியமன ஆணையும் வந்தது. அதன்பின் அவருடைய கடன் ஏட்டைக் கண்ட பாங்கு ஆணையை நீக்கிற்று. கடன் தவறிய வரலாறு உடையவர் தகுதியற்றவர் என்பது விளம்பரத்திலேயே இருந்த நிபந்தனை. அவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். விளம்பரம் வெளிவந்த நாளில் தம்மேல் நிலுவை யாதும் இல்லை, கடன்களை அடைத்துவிட்டோம் என்பது அவர் வாதம். 2025 ஜூனில் நீதிமன்றம் பாங்கின் செயல் சரியென்றே தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் பணிக்குப் பண ஒழுக்கம் உடையவரைத் தேடுவது முறையே என்பது நீதிமன்றத்தின் நோக்கு. என் பாட்டனார் காலமாயிருந்தால், அடைத்துவிட்டேன் என்று கிழித்த பத்திரத்தைக் காட்டி அவர் வென்றிருப்பார். இன்றைய ஏட்டில் அடைத்ததும் எழுதப்பட்டுள்ளது, அடைக்கத் தவறியதும் எழுதப்பட்டுள்ளது. அவ்விளைஞர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. பாங்குப் பணியே அன்றி வேறெல்லாப் பணிக்கும் இவ்வளவு கடுமை பரவிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. எனினும் நீங்கள் தவணைக்குக் கைப்பேசி வாங்கும்போது அவரை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தைந்நூறு ரூபாய்த் தவணையும் அதே ஏட்டில்தான் ஏறுகின்றது. கடன் அட்டையை ஒடித்து எறிந்துவிட்டால் கணக்கு மூடியதாகாது. ஆண்டுக் கட்டணம் ஏறி, வட்டி ஏறி, வாராக்கடனாய் வளரும்.

அஞ்சுதற்கே இவற்றைக் கூறினேன் அல்லேன். கடன் ஏடே இல்லாதவன் என்பதற்காக முதன்முறை கேட்பவனைத் தள்ளலாகாது என்று ரிசர்வ் பாங்கு கூறியுள்ளதை, மத்திய அரசு 2025 ஆகஸ்டில் மக்களவையில் எடுத்துரைத்தது. இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் பாங்கு எல்லை ஒன்றும் வகுக்கவில்லை என்பதும் அப்போது தெளிவாயிற்று. மதிப்பெண் குறைவென்பதை மட்டும் காட்டி மாணவர்க்குக் கல்விக் கடனை மறுக்கலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் கூறியுள்ளது. அது அண்டை மாநிலத் தீர்ப்பாயினும் நம் பிள்ளைகள் கடிதத்தில் எடுத்துக்காட்டத் தக்கது. அன்றியும், நடந்துகொண்டிருக்கும் கணக்கில் இன்று முதல் ஒழுங்காகச் செலுத்தி வந்தால், முப்பத்தாறு கட்டங்களில் பழைய தவறுகள் ஒவ்வொன்றாய்ப் பின்னே தள்ளப்பட்டு மறையும். மூடிய கணக்கின் தழும்பும் ஆண்டு ஏற ஏற வலுக் குறையும். கடன் கொடுப்போர் அண்மை நடையையே மிகுதியும் நோக்குவர். காலம் உதவாமற் போகவில்லை. கட்டியவனுக்கு உதவும், கட்டாமற் காத்திருப்பவனுக்கு உதவாது.

கடைமடை உழவர்க்கு ஒரு சொல். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் நம் பக்கம் வந்து சேர்வதே ஐயமாயிருக்கும் ஆண்டுகளில், பயிர்க்கடன் இன்றி ஏர் பூட்ட இயலாது. 2025-ஆம் ஆண்டின் நடுவில், கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது உழவர் சங்கங்கள் வலிமையாக எதிர்த்தன. மதிப்பெண்ணுக்காக அன்று, வேறு பாங்கில் அதே நிலத்துக்குக் கடன் உள்ளதா என்று அறிதற்கே என அரசு விளக்கம் கூறிற்று. விளக்கம் எதுவாயினும் ஏட்டின் பேச்சு அப்போது கூட்டுறவுச் சங்கத்து மேசைக்கும் வந்தது. மகளிர் குழுவிலுள்ள தாய்மார்களும் கேளுங்கள். குழுக் கடனில் ஒருத்தி தவறினால் மற்றவர் பெயரில் என்ன ஏறும் என்பதைக் கடன் வாங்கும் நாளிலேயே எழுத்திற் கேட்டு வாங்குங்கள்.

தேநீர்க் கடையிற் கண்ட பெரியவரை யான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் வீடு சென்றேன். ஏழாண்டு என்பதன் பொருளை விளக்கினேன். "அப்படியானால் இவ்வளவு நாள் காத்திருந்தது வீணா, வாத்தியாரையா?" என்றார். ஆமென்று சொல்ல நா எழவில்லை. இருவரும் சேர்ந்து அவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அவர் நினைத்த கடன் ஒன்று; ஏட்டில் இருந்தவை இரண்டு. இரண்டாவது, 2016-இல் உறவினர் மகனுக்கு இட்ட ஜாமீன்; அவர் அதனை முற்றும் மறந்திருந்தார். அப்பையன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கின்றான். அன்றிரவே பெரியவர் அவனோடு பேசினார். இருவரும் இப்போது தவணையாகக் கட்டி வருகின்றனர்.

ஆகவே காரியதரிசி அவர்களின் இசைவு பெற்று இதனை அறிவிக்கின்றேன். வரும் ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறு, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, நம் சங்கக் கட்டிடத்தில் யானும், கணினி அறிந்த நம் இளைஞர் இருவரும் இருப்போம். பான் அட்டையையும், பதிந்து வைத்த கைப்பேசியையும், பாங்கிலிருந்து வந்த பழைய கடிதங்களையும், பிரிக்காமல் பெட்டியிற் போட்டவற்றையுங்கூட, எடுத்து வருக. பிறர் கண்ணிற் படாமல் ஒவ்வொருவராக உள்ளறையில் வைத்துப் பார்ப்போம். கண்ட செய்தி அவ்வறையைத் தாண்டாது. தாய்மார்களுக்கு மூன்றாம் ஞாயிறு தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. என் மனைவியும் அன்று வருவாள்.